ஆறுக்கு மேல் கிடையாது

ஜெனலின் போரோங்கானுக்குப் போய்விட்டு இரண்டு நாள் கழித்துத் திரும்பியபோது, கூரையைத் தாங்கப்போகும் ஆறு இரும்பு ட்ரஸ்களில் நான்கு முடிந்து மைதானத்தில் வரிசையாகப் படுத்திருந்தன. வேலை வேகமாக நடந்தால் சந்தோஷப்படுகிற இன்ஜினியர்கள் உண்டு. அவள் அந்த ரகம் இல்லை. மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே போய் முதல் ட்ரஸ்ஸின் முனையில் குந்தினாள்.

தூணின்மேல் உட்காரப்போகும் தகடும், சாய்வாக வந்து அதில் சேரும் ஆங்கிள் இரும்பும் சந்திக்கிற மூட்டு அது. ஆங்கிளின் ஓரத்தை ஒட்டி, மூலையில் வெல்டை முக்கோணமாக உருக்கி நிரப்ப வேண்டும். வரைபடத்தில் அவள் எழுதிக் கொடுத்திருந்த அளவு ஆறு எம்எம். இங்கே கம்பளிப்பூச்சி ஒன்று நன்றாகத் தின்று கொழுத்துப் படுத்திருப்பதுபோல் இருந்தது. அளவுக் கேஜை வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு. சில இடங்களில் அதற்கும் மேல்.

“மனோய் டென்சோ!” என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள்.

டென்சோ வெல்டிங் மெஷினுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். வெயிலில் கறுத்த முகம். பீப்பாய் மாதிரி நெஞ்சு. அந்தக் கரையோர ஊர்களில் பாதிக் கூரைகள் அவர் கையால் ஒட்டப்பட்டவை.

“என்ன இன்ஜினியர், டவுனுக்குப் போய்ட்டு வெறுங்கையோட வர்றீங்க? ஒரு பிபிங்கா கேக் வாங்கிட்டு வரக்கூடாதா?”

“இதை யார் போட்டது?”

“வேற யாரு போடுவா இவ்வளவு அழகா?”

“அழகாத்தான் இருக்கு. ஆங்கிளோட ஓரம் எங்க?”

அவள் சுத்தியலால் கசடைத் தட்டிவிட்டு நகத்தை வைத்துத் தடவிக் காட்டினாள். எட்டு எம்எம் கனம் இருந்த இரும்பு ஓரம் சூட்டில் உருகி, வெல்டோடு கலந்து, பக்கத்தில் நீளமாகப் பள்ளம் விழுந்திருந்தது.

“எட்டு கனத்துல பன்னெண்டு எங்க நிக்கும், மனோய்? ஆறுக்கு மேல போட்டா ஓரம் கரைஞ்சு போயிடும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். நீங்க காலேஜ் போறதுக்கு முன்னாடியே தெரியும்.”

“அப்புறம்?”

டென்சோ உதட்டைக் குவித்துத் தகடுகள் அடுக்கியிருந்த பக்கம் காட்டினார். “போய் அளந்து பாருங்க. குட்டை. நீங்க கேட்ட நீளத்துக்கு வெல்டு ஓட்ட இடமே இல்ல. நீளத்துல குறையறதைப் பருமன்ல சேர்த்துடுன்னு உங்க நினோங் சொன்னாரு. நான் சொன்னதைச் செய்யறவன்.”

அவள் போய் அளந்தாள். தகடுகள் குட்டைதான். மூன்றில் ஒரு பங்கு குறைவு. அவற்றின் மேல் பழைய சாம்பல் பெயின்ட் இருந்தது. வேறு ஊரில் கொப்பரைக் கிடங்கு ஒன்றுக்காக வெட்டி மிஞ்சிய தகடுகள் என்பது அவளுக்குப் புரிந்தது. அந்தக் கிடங்கின் வரைபடமும் அவள் போட்டதுதான்.

காண்ட்ராக்டர் வென்சிங் அவளுடைய நினோங். கைக்குழந்தையாக அவளைக் கோயிலில் ஏந்தியவர், கல்யாணத்திலும் ஞானத்தகப்பனாக நின்றவர், லைசென்ஸ் கிடைத்த மறுநாளே “வா, என்கிட்ட வேலை செய்” என்று கூப்பிட்டவர். கெட்டவர் என்று அவரைச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் ஊர் மைதானத்துக்கான இந்தக் கூரை சனிக்கிழமைத் திருவிழாவுக்குள் மேலே ஏற வேண்டும் என்று மேயர் ஆபீஸிலிருந்து தினமும் போன் வந்துகொண்டிருந்தது. டக்ளோபானிலிருந்து புதுத் தகடு வரக் குறைந்தது ஐந்தாறு நாள் ஆகும்.

ஜெனலின் தகரக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து முதலிலிருந்து கணக்குப் போட்டாள். வேண்டாம் என்று சொல்லப் போவதற்கு முன்னால், முடியும் என்று சொல்ல ஏதாவது வழி இருக்கிறதா என்று நிஜமாகவே தேடினாள். நடுவில் வரும் மூட்டுகளில் விசை குறைவு. அங்கே இந்தக் குட்டைத் தகடே போதும், ஆறு எம்எம் வெல்டு தாராளம். சிலவற்றுக்கு ஐந்தேகூடப் போதும். அதை மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்தாள். இரண்டு முனைகள்தான் வம்பு. புயல் காற்று கூரையைக் கீழே அழுத்தாது, மேலே பிடுங்கும். அந்த இழுப்பு எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் அந்த முனை மூட்டு. ஓரத்தில் ஆறு, முதுகுப் பக்கம் கனமான இடத்தில் எட்டு, குறுக்கே முனையிலும் சுற்றி ஒரு ஓட்டு என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாள். பற்றவில்லை. காற்றின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து எழுதினால் சரியாக வரும் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே காது மடல் சூடானது. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

வென்சிங் தன் பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கிப்போட்டு, அதையே மேசையாக வைத்துப் பன்சித் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வா இன்டாய், உட்காரு. சாப்பிட்டியா?” மகளைக் கூப்பிடுவதுபோல் அவளை எப்போதும் இன்டாய் என்றுதான் கூப்பிடுவார்.

“நினோங், முனைத் தகடு எல்லாத்தையும் மாத்தணும்.”

“முதல்ல சாப்பிடு.”

“நடுவுல இருக்கிறதெல்லாம் அப்படியே இருக்கட்டும். நான் எழுதித் தர்றேன். ரெண்டு முனை மட்டும். ஆறு ட்ரஸ், பன்னெண்டு தகடு. அவ்வளவுதான் கேக்கறேன்.”

அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். “பன்னெண்டு எம்எம் போட்டிருக்கான் டென்சோ. நீ கேட்டதைப் போல ரெண்டு மடங்கு. இன்னும் என்ன?”

“பருமனா இருந்தா பலம்னு அர்த்தம் இல்ல. ஆங்கிளே எட்டுதான். அதோட ஓரத்தையும் தின்னாச்சு. நாளைக்கு இழுத்தா வெல்டு அப்படியே அழகா நிக்கும், பக்கத்துல ஆங்கிள் கிழியும்.”

“முப்பது வருஷமா கூரை போடறேன். ஒண்ணு விழுந்திருக்கா? சொல்லு.”

“விழல.”

“அப்புறம்?”

“அதெல்லாம் உங்க கூரை, நினோங். இதோட வரைபடத்துல கீழே என் கையெழுத்து இருக்கு.”

வென்சிங் சிரித்தார். கோபம் வருவதற்கு முன் அவருக்கு எப்போதும் அந்தச் சிரிப்பு வரும். “கையெழுத்துக்கா பஞ்சம்? நான் ஒரு போன் போட்டா சாயங்காலத்துக்குள்ள வேற இன்ஜினியர் வந்து போட்டுட்டுப் போவான்.”

“வரச் சொல்லுங்க. அவரும் இங்க வந்து இந்த மூட்டை விரலால தடவிப் பார்க்கட்டும். அப்புறம் போடட்டும்.”

“உன்னை ஞானஸ்நானத்துல ஏந்தினது இந்தக் கை.”

“தெரியும். அதனாலதான் முதல்ல உங்ககிட்ட வந்து சொல்றேன். இல்லாட்டி நேரா ஊர்ல போய்ச் சொல்லியிருப்பேன்.”

அவர் மறுபடி முள்கரண்டியை எடுத்தார். பன்சித்தை அவள் பக்கம் நகர்த்தவில்லை.

ஜெனலின் கொட்டகையிலிருந்து சிவப்புப் பெயின்ட் டப்பாவை எடுத்து வந்து, முடிந்த நான்கு ட்ரஸ்களின் எட்டு முனைகளிலும் உள்ளங்கை அகலத்துக்குப் பெருக்கல் குறி போட்டாள். டென்சோ மெஷின்மேல் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

“இன்ஜினியர், இன்னும் கொஞ்சம் பெயின்ட் மிச்சமிருந்தா எனக்கும் ஒண்ணு நெத்தியில போட்டு விடுங்க. நான்தானே ஒட்டினேன்.”

“உங்களுக்கு இப்ப போட மாட்டேன். நாளைக்கு நீங்க அதே மாதிரி மிச்ச ரெண்டையும் ஒட்டினா போடறேன்.”

டென்சோ அன்று அதற்குமேல் ராடு பற்றவைக்கவில்லை. மெஷினுக்குப் பெட்ரோல் தீர்ந்துபோச்சு என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அவள் வந்தபோது சிவப்புக் குறி ஒன்றுகூடத் தெரியவில்லை. எட்டு முனைகளிலும் சாம்பல் நிற பிரைமர் பெயின்ட் பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தது. கிரேன் வந்து நின்றது. திருவிழாக் கமிட்டிப் பெண்கள் மைதானத்தின் ஓரத்தில் வண்ணக் காகிதத் தோரணங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ட்ரம்பெட் ஊதுகிறவர்கள் பள்ளிக்கூட வராந்தாவில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். மேயர் வரும்போது முதல் ட்ரஸ் மேலே போக வேண்டும், அதுதான் ஏற்பாடு.

ஜெனலின் ஹெல்மெட்டின் வாரை இறுக்கிக்கொண்டு போய், முதல் ட்ரஸ்ஸின் நடுவில், ஸ்லிங் கயிற்றை மாட்ட வேண்டிய இடத்தில், உட்கார்ந்தாள். பையிலிருந்து தென்னோலைப் பொட்டலத்தில் கட்டிய சோற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கிரேன் ஓட்டுகிற ராமில் கேபினிலிருந்து தலையை வெளியே நீட்டினான். “அக்கா, எந்திரிங்க. தூக்கணும்.”

“தூக்கு.”

“உங்களோடயா?”

“என்னோடதான்.”

“ஆளை வச்சுத் தூக்கினா என் லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க அக்கா. உங்க லைசென்ஸ் போனா நீங்க வேற ஏதாவது படிச்சுக்குவீங்க. எனக்கு இது ஒண்ணுதான்.”

“அப்ப தூக்காத.”

கூட்டம் சேர்ந்தது. சேராமல் இருக்குமா? தோரணம் கட்டியவர்கள், ட்ரம்பெட்காரர்கள், மீன் விற்றுவிட்டு வந்தவர்கள், ட்ரைசைக்கிள் ஓட்டுகிறவர்கள் என்று மைதானத்தைச் சுற்றி நின்றுகொண்டார்கள். “இன்ஜினியருக்கு ஒரு நாற்காலி கொண்டாங்கப்பா, பின்னாடி துரு ஒட்டிக்கும்!” என்று ஒருவன் கத்தினான். “மேயருக்குப் பதிலா இந்த அம்மாவுக்கே மாலை போட்டுரலாம்” என்றாள் ஒருத்தி. சிரிப்பு எழுந்தது. ஜெனலினும் சேர்ந்து சிரித்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தாள். 

வென்சிங் குடையை விரித்துக்கொண்டு வந்து அவளுக்கு எதிரே நின்றார். குரலை உயர்த்தவில்லை.

“இன்டாய், எல்லார் முன்னாடியும் என்னை அசிங்கப்படுத்தறே.”

“பெருக்கல் குறியை யாருக்கும் தெரியாம அழிச்சது நீங்க, நினோங். நான் எல்லார் முன்னாடியும் உட்கார்ந்திருக்கேன். அவ்வளவுதான் வித்தியாசம்.”

அவர் திரும்பி ராமிலைப் பார்த்தார். “இதை விடு. ரெண்டாவதைத் தூக்கு.”

அதை அவள் எதிர்பார்க்கவில்லை. கிரேனின் கை மெதுவாக அடுத்த ட்ரஸ்ஸின் மேல் நகர்ந்தது. அவள் எழுந்து அங்கே ஓடினால் முதலாவதைத் தூக்குவார்கள். நான்கு ட்ரஸ், ஒரே ஒரு ஆள். கூட்டத்துக்கும் அது புரிந்துவிட்டது. சிலர் கை தட்டினார்கள். ஜெனலினுக்கு முதல்முறையாக அழுகை முட்டியது. எழுந்திருக்கவில்லை. “ராமில், அந்த முனையும் இதே மாதிரிதான்! இறங்கி வந்து பாரு!” என்று மட்டும் கத்தினாள்.

கொக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது டென்சோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வாயில் அணைந்த சிகரெட். வெல்டிங் முகமூடியைத் தொப்பி மாதிரி தலையில் கவிழ்த்திருந்தார். இரண்டாவது ட்ரஸ்ஸின்மேல் போய், பெரிய மூச்சு ஒன்று விட்டு, உட்கார்ந்தார்.

“நீ என்னய்யா பண்றே?” என்றார் வென்சிங்.

“முழங்கால் வலி, பாஸ். கொஞ்சம் உட்கார்றேன்.”

“நீ ஒட்டின வெல்டுதானே இது?”

“நான் ஒட்டினதாலதான் சொல்றேன். இது ஆகாது. ஒட்டும்போதே தெரியும் ஆகாதுன்னு. வாயைத் திறந்தா திருவிழாவுல எனக்கு லெச்சோன் கறி கிடைக்காதேன்னு மூடிக்கிட்டு இருந்தேன்.” பிறகு ஜெனலின் பக்கம் திரும்பி, “என்ன இன்ஜினியர், மனசு குளிர்ந்துச்சா?” என்றார்.

“இல்ல. நேத்தே சொல்லியிருந்தா குளிர்ந்திருக்கும்.”

“பாரு! உட்கார்ந்து குடுத்தாலும் திட்டுதே இந்தப் பொண்ணு.”

ராமில் கொக்கியை மேலே ஏற்றிவிட்டு எஞ்சினை அணைத்தான். “மூணாவதுலயும் நாலாவதுலயும் யாரு உட்காரப் போறீங்கன்னு பேசி முடிவு பண்ணுங்க. நான் டீ குடிச்சிட்டு வர்றேன்” என்று இறங்கிப் போனான்.

அப்போதுதான் கபித்தானா பெர்த்தா வந்தாள். ஊரின் தலைவி. தோரணப் பசை இன்னும் விரல்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. திருவிழாவுக்கு மூன்று மாதமாக அலைந்தவள் அவள். சனிக்கிழமை நடனம் இந்தக் கூரைக்குக் கீழேதான் என்று பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பெருமையடித்து வைத்திருந்தாள். ஜெனலினை அறைந்துவிடுவாளோ என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

“ஏய், எனக்கு இந்த எம்எம் கதையெல்லாம் வேண்டாம். ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லு. புயல் வந்தா எங்களை எல்லாம் கொண்டுவந்து இதுக்குள்ளதானே அடைப்பாங்க?”

“ஆமா, கபித்தானா.”

“இப்ப இருக்கிற மாதிரியே மேல ஏத்தினா, அன்னிக்கு நீ எங்களோட உள்ள வந்து உட்காருவியா?”

“மாட்டேன். உங்களையும் உட்கார விடமாட்டேன்.”

பெர்த்தா வென்சிங் பக்கம் திரும்பினாள். “நீங்க உட்காருவீங்களா, காண்ட்ராக்டரே?”

வென்சிங் உட்காருவேன் என்றார். ஆனால் உடனே சொல்லவில்லை. குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, அதற்குப் பிறகு சொன்னார். பெர்த்தாவுக்கு அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது.

“ரெண்டு பேரும் நாசமாப் போங்க” என்றாள். “சனிக்கிழமை மழை வரும்னு ரேடியோவுல சொல்றான். என் நடனம் போச்சு. கிரேனைத் திருப்பி அனுப்புங்க. தார்ப்பாய் யார் யார் வீட்டுல இருக்கோ எடுத்துட்டு வாங்க.” ஜெனலினிடம் வந்து, பசை ஒட்டிய விரலை அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள். “அடுத்த தடவை பெரிசா வந்து உட்கார்றதுக்குப் பதிலா, ரெண்டு நாள் முன்னாடி வந்து என்கிட்ட சொல்லு.”

மேயரின் வண்டி பாலம் வரைக்கும் வந்து, விஷயம் தெரிந்து திரும்பிவிட்டதாக மத்தியானம் யாரோ சொன்னார்கள். வென்சிங் யாரையும் திட்டவில்லை. குடையை மடக்கி, பிக்கப்பின் பின்கதவைத் தூக்கிச் சாத்திவிட்டுப் போனார். ஜெனலின் அப்போதும் ட்ரஸ்மேல்தான் உட்கார்ந்திருந்தாள். கிரேன் மைதானத்தைவிட்டு வெளியே போகும்வரை எழுந்திருப்பதாக இல்லை.

புதுத் தகடுகள் அடுத்த வாரம் வந்தன. வென்சிங்தான் அனுப்பியிருந்தார், கூட ஒரு வார்த்தை இல்லை. டென்சோ பழைய முனைகளையும், ஓரம் கரைந்துபோன ஆங்கிள்களையும் வெட்டி எடுத்துவிட்டு, ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரே ஓட்டாக ஆறு எம்எம் ஓட்டினார். மெலிந்த, சீரான வெல்டு. “பார்க்க நோஞ்சான் மாதிரி இருக்கு” என்று முணுமுணுத்துக்கொண்டேதான் ஓட்டினார். ட்ரஸ்கள் மேளதாளம் இல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை மேலே ஏறின. கூரைத் தகடுகளில் மேயரின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினார்கள். வென்சிங்கின் அடுத்த வேலைக்கு வேறு இன்ஜினியர் வந்தார்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் திருவிழா வந்தது. சொன்னபடி மழையும் வந்தது. தார்ப்பாய்கள் தொப்பையாகத் தொங்கின. நடுவில் ஒன்று கிழிந்து ட்ரம்பெட்காரர்களின் தலையில் கொட்டியது. ஸ்பீக்கர் கரகரத்து நின்றுபோனது. சேற்றில் செருப்பைத் தொலைத்தவர்கள் எல்லாரும் இன்ஜினியரின் பெயரைச் சொல்லித்தான் திட்டினார்கள்.

ஜெனலினின் கணவன், “இன்னிக்கு வீட்லயே இருந்துடலாமே” என்று கெஞ்சிப் பார்த்தான். “நான் எதுக்கு ஒளிஞ்சுக்கணும்?” என்று இருப்பதிலேயே பளிச்சென்ற மஞ்சள் உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். கோயில் வாசலில் வென்சிங் நின்றிருந்தார். எப்போதும்போல் அவர் கையை எடுத்து நெற்றியில் வைத்து ஆசி வாங்குவதற்காக அவள் குனிந்து கையை நீட்டினாள். அவர் கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. சுற்றிலும் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் கை நீட்டியபடியே நின்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போகும்வரை நின்றுவிட்டுத்தான் நிமிர்ந்தாள். உள்ளே ஏதோ ஒன்று வலித்தது. இனிமேல் அது எப்போதும் வலிக்கும் என்றும் தெரிந்தது. இருந்தும், நேற்று முன்தினத்தை மறுபடி கொண்டுவந்து கொடுத்தால் அதே இடத்தில்தான் போய் உட்காருவாள்.

பந்தியில் முழுசாகச் சுட்ட பன்றி லெச்சோனை வெட்டிக்கொண்டிருந்த பெர்த்தா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“உன்னாலதான். நல்லா முறுமுறுன்னு வந்த தோல், மழையில நமத்துப் போச்சு.”

“அப்ப எனக்குத் தோல் வேண்டாம்” என்று ஜெனலின் தட்டை நீட்டினாள். “உள்ள இருந்து நல்ல கறியா எடுத்துப் போடுங்க. நிறையப் போடுங்க, பசிக்குது.”

பெர்த்தா கத்தியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு விலா எலும்பை ஒட்டி ஒரு பெரிய துண்டை அறுத்து, தட்டு அதிரும்படி போட்டாள்.